கேட்டுக்கொண்டு போனார்கள், பிறகு?

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

இந்தப் பேச்சுக்கு வானொலி நிலையத்தார் வைத்த தலைப்பு 'அரசியல், அறிவியல், சமூகம்: ஓர் ஆய்வாளர் பார்வை'. தலைப்பைக் கேட்டதுமே அரைவாசிப் பேர் எழும்பி உலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். மிச்சம் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நான் கதைக்கப் போவது உங்கள் வீட்டுப் படலையைத் தட்டிய ஆட்களைப் பற்றித்தான். கையில் ஒரு கோப்பு, கழுத்தில் படம் ஒட்டிய அட்டை, "அம்மா, பத்து நிமிசம்தான், சில கேள்வி மட்டும்" என்று தொடங்குவார்களே, அவர்கள். இப்போது கோப்புக்குப் பதிலாக டெப் கொண்டு வருகிறார்கள். பத்து நிமிசம் மட்டும் மாறவில்லை. பத்து நிமிசம் என்று வந்தவர் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை கோழி, கடன் யாரிடம், கடைசியாக எப்போது மீன் வாங்கினீர்கள் என்று எல்லாம் எழுதிக்கொண்டு போவார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படி ஓர் ஆளுக்குப் பதில் சொல்லாத வீடு அரிது. சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று கூட்டம் வந்த காலமும் இருந்தது.

சரி, கேட்டுக்கொண்டு போனார்கள். பிறகு? சொன்ன பதில் எங்கே போனது, அதிலிருந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று யாராவது திரும்பி வந்து சொன்னார்களா? பரீட்சை எழுதிய பிள்ளைக்குப் பெறுபேறு வராத மாதிரி எங்கள் ஊர்கள் இருக்கின்றன. இன்றைக்கு என் பேச்சு முழுக்க இது ஒன்றுதான். சுற்றிச் சுற்றி இதற்கே வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பித்தவள் நான். கோப்பைக் கொடுத்து உங்கள் படலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில்தான் கதைக்கிறேன்.

ஓர் ஆய்வில் மூன்று தரப்பு இருக்கிறது. கேள்வி கேட்கிறவர் ஒரு தரப்பு, அவரை ஆய்வாளர் என்போம். எதைக் கேட்கலாம், எங்கே போய்க் கேட்கலாம், அதற்குக் காசு யார் தருவது என்று தீர்மானிக்கிறவர் இன்னொரு தரப்பு, அதுதான் அரசியல். பதில் சொல்கிற நீங்கள் மூன்றாவது. முதல் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் அடிக்கடி சந்திக்கும். கொழும்பில் மண்டபம் எடுத்துக் கூட்டம் வைக்கும். மூன்றாவது தரப்பை அங்கே கூப்பிடுவதில்லை. ஆனால், ஆய்வில் பிழை இருந்தால் அதைப் பிடிக்கக்கூடிய ஆள் அந்த மூன்றாவது தரப்பில்தான் இருக்கிறார். அவருக்கு முடிவு தெரியாவிட்டால் பிழை பிழையாகவே அச்சாகும்.

இதை விளக்க ஒரு கதை சொல்கிறேன். என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள். எங்கள் மட்டக்களப்பு வாவியின் கதை.

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்கிறோம். பெயர்ப்பலகையில், விளையாட்டுக் கழகத்தின் சட்டையில், கலியாண மண்டபத்தில், எங்கே பார்த்தாலும் பாடும் மீன். அந்தப் பாட்டைத் தன் காதால் கேட்டவர் இந்த நேரத்தில் எத்தனை பேர் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களோ! கல்லடிப் பாலத்தடியில், முழுநிலவுக்குக் கிட்டடியான இரவில், காற்று ஓய்ந்த நேரத்தில் வள்ளத்தில் போய்க் கேட்க வேண்டும் என்பார்கள். அதையும் சும்மா கேட்க ஏலாது. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்க வேண்டும்.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இங்கே ஒரு பெரிய மனிதர் வருகிறார். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், தேசாதிபதியின் நிருவாகத்தில் குடியேற்ற நாட்டுச் செயலாளர். அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். யூலையிலும் ஆகஸ்டிலும் கண்டி, மாத்தளைப் பக்கம் துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி என்று போட்ட வரிகளுக்கு எதிராகச் சனம் கிளர்ந்து, அதை இராணுவச் சட்டம் போட்டு அடக்கியிருந்தார்கள். அந்த வரிகளைப் போட்ட நிருவாகத்தில் முதன்மையான ஆட்களில் ஒருவர் இவர். அப்படிப்பட்டவர் செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, ஏரியின் அடியிலிருந்து இசை கேட்கிறதாமே, உண்மையா என்று மீனவரிடம் விசாரிக்கிறார். அறிவியலும் அரசாங்கமும் எவ்வளவு கிட்டடியில் இருந்தன என்று பாருங்கள். வரி போட்ட அதே கை சங்கு சிப்பியின் பெயரையும் எழுதியிருக்கிறது.

மீனவர்கள் அவரை நிலவில் வள்ளத்தில் கொண்டுபோனார்கள். அவர் கேட்டதை எழுதியிருக்கிறார். ஒரே நீளமான சத்தமாக வரவில்லையாம். எண்ணற்ற சின்னச் சின்ன ஒலிகள், மேல் சுருதியும் கீழ்ச் சுருதியும் கலந்து, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவாக வந்ததாம். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருவது போன்ற அதிர்வு. வள்ளத்தின் மரத்தில் காதை வைத்ததும் சத்தம் பல மடங்கு கூடியிருக்கிறது. கரையில் இருக்கிற பூச்சிகளின் சத்தமாக இருக்குமோ என்று யோசித்து, அது இல்லை, தண்ணீருக்கு அடியிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டுகிறார். அது நல்ல ஆய்வாளருக்குரிய வேலை, அதில் குறை சொல்ல மாட்டேன். எது சத்தம் போடுகிறது என்று கேட்டதற்கு மீனவர்கள் கொண்டுவந்து காட்டியது மீனையில்லை, ஊரியை. ஓட்டுக்குள் இருக்கிற நத்தை வகை. டெனன்டும் அப்படித்தான் எழுதி வைத்தார்.

இங்கே ஒரு நிமிசம் நிற்கிறேன். அந்த மீனவர்களின் பெயர் என்ன? நூலில் டெனன்டின் பெயர் இருக்கிறது, ஊரியின் இலத்தீன் பெயர்கூட இருக்கிறது. வள்ளம் வலித்தவரின் பெயர் இல்லை. நிலவு எந்த அளவில் இருக்க வேண்டும், எந்த இடத்தில் வள்ளத்தை நிறுத்த வேண்டும், எங்கே காதை வைக்க வேண்டும், இதெல்லாம் தெரிந்தவர் அவர்தானே.

காதை வைக்கிற விசயத்துக்கு வருவோம், ஏனென்றால் அதில் ஒரு பௌதிகம் இருக்கிறது. தண்ணீருக்குள் பிறக்கிற ஒலி தண்ணீரின் மேற்பரப்பில் முட்டியதும் பெரும்பாலும் திரும்பி உள்ளுக்கே போய்விடும். அதன் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் தப்பி வரும். வள்ளத்தில் சும்மா இருந்து கேட்கிறவருக்குக் கிடைப்பது அந்த ஆயிரத்தில் ஒன்று. துடுப்பு மரம் தண்ணீரிலிருந்து நேரே அதிர்வை வாங்கிக் காதெலும்புக்குக் கொடுக்கிறது. நீரடி ஒலிவாங்கி என்று இன்று கடை விலைக்கு விற்கிறார்களே, அது செய்கிற வேலையின் எளிய வடிவம் இது. பள்ளிக்கூடம் போகாத ஆள் துடுப்பை வைத்துச் செய்தது சரியான அறிவியல். நாங்கள் அதை 'நம்பிக்கை' என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டு, கருவியோடு வந்தவர் சொன்னதை 'ஆய்வு' என்ற பெட்டிக்குள் போட்டோம்.

கருவியோடும் ஒருவர் வந்தார். 1950களில், புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருவானவர், லாங் அடிகளார். அவர் வாவியின் ஒலியைப் பதிவுசெய்தார், அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. மட்டக்களப்பு வாவி வானொலியில் பேசியிருக்கிறது, நேயர்களே, எனக்கு முந்தி!

அதற்கும் முந்தியே காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இந்த ஒலியை நீரரமகளிரின், அதாவது நீருக்குள் வாழும் தேவமகளிரின், பாடலாக எடுத்துச் செய்யுள் செய்திருக்கிறார். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி என்பதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் போதியளவு சொல்வதில்லை. யாழைப் பற்றி ஆராயும்போது கணக்கும் ஒலியியலும் கொண்டு நரம்புகளை அளந்தவர். கவிதை ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அவரைப் பற்றித் தனியாக ஒரு மணித்தியாலம் கதைக்கலாம், இன்று வேண்டாம்.

இனி, பாடுவது எது? மீனா, ஊரியா? உலகத்தில் வேறு ஒரு கரையில் இதே மாதிரி ஒரு விசயம் நடந்தது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் சோசலிட்டோ என்று ஓர் ஊர். அங்கே சனம் மிதக்கும் வீடுகளில் இருக்கிறார்கள். 1980களில், கோடை இரவுகளில் வீட்டுக்கு அடியிலிருந்து ரீங்காரம். நித்திரை இல்லை. கழிவுநீர்ப் பம்பியா, கடற்படை ஏதும் இரகசிய வேலை செய்கிறதா என்று பெரிய சண்டை. கடைசியில் பார்த்தால் ஒரு மீன். ஆண் மீன் தன் காற்றுப்பையின் தசைகளை அதிரவைத்துப் பெண் மீனைக் கூப்பிடுகிறது. எங்கள் வாவியில் அப்படி ஓர் ஆய்வு முடிந்து, இதுதான் பாடுகிறது என்று உயிரைக் கையில் பிடித்துக் காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களை வாவிக்குள் வைத்திருந்தேன். சோசலிட்டோவில் விடை கண்டுபிடித்த அதே 1980களில் எங்கள் வாவியில் இரவில் ஒரு வள்ளம் இறங்குமா? ஊரடங்கு, சோதனைச் சாவடி, இரவில் மீன்பிடிக்கத் தடை. நிலவு வந்து வந்து போனது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஒலிவாங்கியை ஒரு கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டு எந்த ஆய்வாளர் அங்கே நின்றிருப்பார்? நின்றால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் ஊரில் எந்த அறிவியல் நடக்கும், எது நடக்காது என்பதை அரசியல் தீர்மானிக்கிறது என்றால் சிலர் அதை மேடைப் பேச்சு என்பார்கள். அவர்களுக்கு நான் வாவியைக் காட்டுவேன். இப்போது யுத்தம் இல்லை. 2013இல் புதுக் கல்லடிப் பாலமும் வந்துவிட்டது, மேலே வாகனம் ஓடுகிறது, கீழே இயந்திரப் படகு ஓடுகிறது. கேட்க ஆள் இருக்கிறது, அமைதி இல்லை.

சரி, வாவியை விட்டுக் கரையேறுவோம்.

எண்ணுவது என்று ஒரு வேலை இருக்கிறது. குடிசன மதிப்பீடு. இலங்கையில் 1981இல் நாடு முழுவதும் எண்ணினார்கள். அதற்குப் பிறகு 2001இல் எண்ணியபோது 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. அம்பாறை மாவட்டம் அந்தப் பதினெட்டுக்குள் இருக்கிறது, மட்டக்களப்பு இல்லை. பெரியநீலாவணையில் நிற்கிறவர் கணக்கில் வருவார், ஒரு நடை தூரத்தில் கல்லாற்றுப் பக்கம் இருக்கிற அவருடைய தங்கச்சி முழுக் கணக்கில் வரமாட்டாள். 1961 வரை இரண்டும் ஒரே மட்டக்களப்பு மாவட்டம் என்பது வேறு கதை. மட்டக்களப்பில் மறுபடி முழுமையாக எண்ணியது 2012இல். இடையில் 31 வருடம். அந்த 31 வருடத்தில் சனம் பிறந்தது, செத்தது, இடம்பெயர்ந்தது, வெளிநாடு போனது. ஒரு வைத்தியசாலைக்கு எத்தனை கட்டில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எத்தனை ஆசிரியர் என்று போடுகிற கணக்கெல்லாம் மதிப்பீட்டின் மேல்தான் ஓடியது. கிராம சேவகரின் பதிவேட்டை மட்டும் நம்பி ஆய்வு செய்த காலம் அது. அவர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், பலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் புத்தகங்களைக் காப்பாற்றினார்கள்.

எண்ணாமல் விடுவது ஒன்று. எண்ணிவிட்டுப் பிழையாக எண்ணுவது இன்னொன்று. அதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிற இடம்.

எங்கள் பக்கத்தில் வீடு யாருக்கு? பெண்ணுக்கு. இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆய்வும் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியும். தமிழர் வீட்டிலும் சரி, முஸ்லிம் வீட்டிலும் சரி, மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அங்கே இருப்பார். மூத்தவளுக்குத் தாய் தான் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்பக்கம் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு போவாள். இளையவளுக்கு அத்திவாரம் போட்டுச் சுவர் பாதியில் நிற்கும், தகப்பன் மத்திய கிழக்கில் இருப்பார். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். தாய்வழிக் குடி என்கிற வம்சம், கோயிலிலும் பள்ளியிலும் குடிக்குள்ள உரிமை, சீதன வீடு, இவையெல்லாம் ஆங்கிலத்தில் அச்சில் இருந்தன. கவனிக்க வேண்டியது இது. இருந்தன. சுனாமிக்கு முந்தியே இருந்தன.

2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர் போனது. நாட்டிலேயே ஆகக்கூடிய சாவு அங்கேதான். கொஞ்ச நாளில் படிவங்கள் வந்தன. படிவத்தின் முதல் கட்டத்துக்குள் 'குடும்பத் தலைவர் பெயர்'. அதைப் பார்த்ததும் ஆண்பிள்ளையின் பெயரை எழுது என்று அதிகாரி சொல்வார், அந்தப் பெயரில்தான் வீட்டின் உறுதிப் பத்திரமும் வரும். திருக்கோவில் பக்கம் ஒரு கூடாரத்துக்குள் ஒரு வயதான அம்மா பேனையோடு நின்ற பிள்ளைக்குச் சொன்னது இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது: "தம்பி, அவர் வந்திருக்கிற ஆள். வீடு என்ட. நான் அத மகளுக்கு எழுதுறது." பிள்ளை படிவத்தைப் பார்த்தான். அவள் சொன்னதை எழுத அதில் இடம் இல்லை. அவன் பேனையை எடுத்துக் கணவரின் பெயரை எழுதினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கட்டம் போட்டவர்மேல்தான். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த சொத்து, ஒரு கட்டத்தின் வழியாக ஆணின் பெயருக்கு மாறக்கூடிய நிலை வந்தது. அதற்குச் சட்டம் போடவில்லை, பாராளுமன்றத்தில் விவாதம் இல்லை. ஒரு படிவம் போதுமாக இருந்தது. பெண்கள் அமைப்புகள் எழும்பிக் கதைத்த பிறகுதான் சில இடங்களில் கூட்டு உறுதி, பெண்ணின் பெயரில் உறுதி என்று பேச்சு வந்தது.

ஓர் உடைந்த வீட்டுக்கு ஒரு வீடு என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே வளவில் தாய்க்கு ஒன்று, மூத்தவளுக்கு ஒன்று, இளையவளுக்கு அரைச்சுவர் ஒன்று என்று இருந்தால்? அரைச்சுவர் வீடா, இல்லையா? அது படிவத்துக்கு வெறும் கல். தகப்பனுக்கு அது பத்து வருடத்து வியர்வை, இளையவளின் கலியாணம்.

இதோடு ஒரு எண்ணும் வந்தது. 200 மீற்றர். தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்ட ஏலாது, வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். எண் வந்தாலே விஞ்ஞானம் மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. கடல் வந்த தூரம் ஊருக்கு ஊர் வேறு. தரை உயரம், மணல் மேடு, கண்டல், முகத்துவாரம் என்று எத்தனையோ காரணம் இருக்கிறது. அதையெல்லாம் 200 என்ற ஒரு எண்ணுக்குள் அடக்கினால், அதில் எவ்வளவு கடலியல், எவ்வளவு அரசியல்? மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் போய்ப் பாருங்கள். கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஊர் எவ்வளவு ஒடுக்கம், வீட்டோடு வீடு ஒட்டி இருக்கிறது. அங்கே 200 மீற்றரை வெட்டினால் மிச்சம் என்ன? சனம் அதைத்தான் கேட்டது. பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள். ஆனால் முதலில் அளவுநாடாவோடு வந்தவர் யாரும் படலையில் நின்று, இந்த எண் எப்படி வந்தது தெரியுமா என்று விளங்கப்படுத்தவில்லை. மறுபடியும் என் பழைய பாட்டுத்தான்: கேட்டுக்கொண்டு போனார்கள், அளந்துகொண்டு போனார்கள், பிறகு?

எல்லாம் குறைதானா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு நல்ல ஆய்வைச் சொல்கிறேன், அதுவும் எங்கள் அம்பாறையில் நடந்ததுதான். உலகம் முழுவதும் நீர்ப்பாசனம் படிக்கிற பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள்தான் படிப்பதில்லை.

பட்டிப்பளை ஆறு. சிங்களத்தில் கல்ஓயா. 1949இல் சபை அமைத்து, இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் வந்தது. கொலனி கொலனியாகச் சனத்தைக் குடியேற்றினார்கள். அந்தக் குடியேற்றத்தின் அரசியல் இன்றைக்கும் சூடானது, அதற்குள் இப்போது போகமாட்டேன். நான் சொல்லப்போவது இடதுகரை வாய்க்காலை. மேலே தலைப்பகுதியில் சிங்கள விவசாயிகள், கீழே கடைசியில் தமிழ் விவசாயிகள். மேலே இருக்கிறவர் வக்கடையை, வயலுக்குத் தண்ணீர் விடுகிற வரம்பு வாயை, திறந்துவிட்டுத் தூங்கினால் கீழே இருக்கிறவரின் வயல் வெடிக்கும். மதகுகள் உடைந்து கிடந்தன. பொறியியலாளர் விவசாயியைக் குற்றம் சொன்னார், விவசாயி பொறியியலாளரைக் குற்றம் சொன்னார். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானையின் தலை நடுவில் உருண்டது.

1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இங்கே வேலை தொடங்கின. கோர்னெலிலிருந்து வந்தவர்களில் நோர்மன் அப்ஹொஃப் முக்கியமானவர். அவர்கள் என்ன செய்தார்கள்? வேலை கிடைக்காமல் இருந்த இளம் பட்டதாரிகளை எடுத்து, ஊருக்குள்ளேயே தங்கவைத்தார்கள். படிவம் நிரப்பிக்கொண்டு ஓடுவது அவர்களின் வேலை இல்லை. வரம்பில் நடந்து, ஒவ்வொருவரோடும் கதைத்து, ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்துப் பதினைந்து பேரை ஓர் இடத்தில் இருத்துவதுதான் வேலை. சங்கம், தலைவர், செயலாளர், முத்திரை எல்லாம் பிறகு. முதலில் வாய்க்காலைத் துப்பரவாக்குவோம், முறைவைத்துத் தண்ணீர் விடுவோம், மிச்சத்தைக் கீழே அனுப்புவோம் என்று அவர்களே கதைத்து முடிவெடுத்தார்கள். 1981 சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த காலத்துப் பயிர்ச்செய்கையில், குளத்தில் தண்ணீர் மிகவும் குறைவு. ஏதும் தொடங்கக்கூடாத வருடம் என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம். அந்த வருடத்திலேயே மேலே இருந்த விவசாயிகள் தங்கள் முறையில் மிச்சம் பிடித்துக் கீழே தண்ணீர் அனுப்பினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி 1997. ஆய்வுத் திட்டம் முடிந்து வெள்ளைக்காரர் போய்ப் பல வருடம். சண்டை உச்சத்தில் இருந்த நேரம். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாது, நெல் வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். விவசாயிகள் கூடினார்கள். இருக்கிற தண்ணீரை இறுக்கிப் பங்கிட்டு, இடதுகரையில் 65,000 ஏக்கர் நெல் செய்து, வழக்கத்தைவிட நல்ல விளைச்சல் எடுத்தார்கள். மேலே இருந்த சிங்களவருக்கும் கீழே இருந்த தமிழருக்கும் தண்ணீர் ஏறத்தாழ நியாயமாகப் போய்ச் சேர்ந்தது. 1997இல், நேயர்களே. வீதியில் ஒருவரையொருவர் பார்த்துப் பயப்பட்ட காலத்தில்.

இதை வைத்து இனப்பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யாராவது கட்டுரை எழுதினால் நான் முதல் ஆளாக மறுப்பேன். வாய்க்காலில் வந்த நியாயம் காணி விசயத்தில் வரவில்லை. வாக்குச்சீட்டில் வரவே இல்லை. அப்ஹொஃப் மனித மனதின் நல்ல பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பியவர் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஆனாலும் இந்த ஆய்வில் ஒன்று நடந்தது. கேட்டவர் அங்கேயே இருந்தார். கேட்டதின் முடிவு அடுத்த கிழமையே வாய்க்காலில் தெரிந்தது. பிழை என்றால் விவசாயி வரம்பில் நின்று கத்துவார், அன்றைக்கே திருத்த வேண்டும். பொதுச் சொத்தைச் சனம் தாங்களே ஒழுங்காகப் பராமரிக்கலாம் என்று காட்டியதற்காக எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவரும் எங்கள் கல்ஓயாவைக் கவனித்து எழுதியவர். நாவிதன்வெளிப் பக்கத்துக் கொலனியில் வக்கடை கட்டுகிற தம்பிக்கு, தன் வாய்க்காலைப் பற்றி உலகத்தில் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. அதைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டு அந்த விவசாய சங்கத்தின் மேசையில் வைக்க எவ்வளவு செலவாகும்? வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இரண்டு பல்கலைக்கழகம் வைத்திருக்கிறோம். ஓர் இறுதி வருட மாணவர் ஆறு மாதத்தில் செய்யலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிசமாம். மீனோடு நின்றது கூடிப்போய்விட்டது போல.

ஒலுவில் என்றதும் துறைமுகம் நினைவுக்கு வருகிறது, அதைத்தான் கடைசியில் விரிவாகச் சொல்லக் குறித்து வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் கல்லணை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். கடற்கரைப் பொறியியலின் முதல் பாடம் அது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னை விழுந்ததைக் கண்டவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேயும் துறைமுகம் கட்டுமுன் சூழல் ஆய்வு என்று ஒன்று நடந்திருக்கும், உங்களிடமும் யாராவது வந்து கேட்டிருப்பார்கள். அந்த அறிக்கையை எத்தனை பேர் தமிழில் பார்த்தீர்கள்? கண்டவர்கள் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

ஒரு விரல். சரி தம்பி, முடித்துவிட்டேன்.

அடுத்த முறை யாராவது கோப்போடோ டெப்போடோ படலைக்கு வந்தால் தேத்தண்ணி கொடுங்கள், கேட்டதுக்குப் பதிலும் சொல்லுங்கள். எழும்பிப் போகுமுன் அவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு, முடிவு எப்போது வரும், எந்த மொழியில் வரும், எங்கள் பிரதேச செயலகத்திலோ நூலகத்திலோ ஒரு பிரதி வைப்பீர்களா என்று கேளுங்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் கட்டாயம் கேளுங்கள், அவர்களின் ஆசிரியருக்கும் அது நல்லது. கல்ஓயா பற்றியும் ஒலுவில் பற்றியும் விட்ட மிச்சத்தை, நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் வந்து சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.